எதை வாங்கலாம்: 4டிஆர்5 டீசல் எஞ்சின் கொண்ட பழைய மிட்சுபிஷி ஜீப்பா, சுசுகியின் 1.3 லீற்றர் ஜிம்னியா?

நிலாவெளி, குச்சவெளிக் கரையில் ஓடிய வாகனம் என்றால், எஞ்சினைத் திறக்குமுன் கீழே படுத்து சேசியை, அதாவது வாகனத்தைத் தாங்கும் அடிச்சட்டத்தை, பாருங்கள். உப்புக்காற்று இரண்டையும் தின்னும், தின்னும் இடம்தான் வேறு. மிட்சுபிஷி ஜீப்பில் ஸ்பிரிங் தகடுகளைத் தாங்கும் இடங்களும் கால் வைக்கும் தளமும். சுசுகி ஜிம்னியில் பின்சக்கர வளைவும், அச்சைப் பிடிக்கும் கைகள் சேசியில் பொருந்தும் இடங்களும். சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், கறள் பிடித்தது மந்தமாக ஒலிக்கும். புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்த சேசியை நம்ப வேண்டாம்.

ஜீப்பின் 2.7 லீற்றர் டீசலைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். உரிமையாளர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். சூடான பிறகும் நீலப் புகை வந்தால், ஒயில் மூடியைத் திறந்ததும் காற்று குபுகுபுவெனத் தள்ளினால், எஞ்சினின் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

ஜிம்னியில் முன்பக்கம்தான் கவலை. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் சக்கர பெயாரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் மூட்டு) பெயாரிங். பின்னதை விட்டுவைத்தால் வேகத்தில் ஸ்டியரிங் உதறும்.

நான்கு சக்கர இழுவையை மணலில் போட்டுப் பாருங்கள், காய்ந்த தார் வீதியில் வேண்டாம். டிஃபரன்ஷியல் (அச்சின் பல்சக்கரப் பெட்டி) ஒயில் பால்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

மணலுக்கு மட்டும் என்றால், எடை குறைந்த ஜிம்னியே நல்லது.