அலைன்மென்ட் சீட்டில் எல்லாம் பச்சை, டயரில் உள்பக்கம் மொட்டை

ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்கள், அதிலும் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் வேலைக்கு வண்டியை விடப்போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடப்போவதில்லை. ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டு, இதே வேலையை வேறு போர்டுக்குக் கீழே செய்கிறவர்களிடம் போய் மாட்டினால் என்ன லாபம்?

வண்டியில் இருந்த குறை சின்னதுதான். முன்பக்கத்தில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் வராது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் வரும். முன் டயர்கள் இரண்டும் தேய்ந்து மாற்றும் நிலைக்கு வந்திருந்தன. டயரை மாற்றும்போதே சத்தத்தையும் பார்த்துவிடலாம் என்று விட்டேன்.

சூப்பர்வைசர் லிஃப்டில் ஏற்றிக் காட்டினார். "ரேக் போயிடுச்சு சார். ரெண்டு ஷாக்கும் லீக். லோயர் ஆர்ம் புஷ்ஷும் வெடிச்சிருக்கு. எல்லாத்தையும் மாத்தி, கேம்பர் கரெக்‌ஷனும் போட்டாத்தான் புது டயர் நிக்கும்." ரேக் என்பது ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம். ஷாக் என்றால் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர். லோயர் ஆர்ம் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை, புஷ் அதன் ரப்பர் மூட்டு. கேம்பர் என்பது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவு. ஷாக் அப்சார்பர் எண்ணெயில் பளபளத்தது. போட்டோ எடுத்துக்கொண்டு சம்மதித்தேன்.

ரேக், ஷாக், லோயர் ஆர்ம், டயர் எல்லாம் புதிது. பில்லோடு அலைன்மென்ட் சீட்டு ஒன்றும் கொடுத்தார்கள். சக்கரங்கள் நிற்கும் கோணங்களின் அளவு அதில் இருக்கும்; சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. என் சீட்டில் வேலைக்கு முன் எல்லாம் சிவப்பு, வேலைக்குப் பின் எல்லாம் பச்சை. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "புது பார்ட்ஸ் சார், செட் ஆக கொஞ்சம் ஓடணும்" என்றார்கள். ஸ்டீயரிங் வீலும் நேர் சாலையில் லேசாகக் கோணலாக நின்றது. அதற்கு, "ரோடு சாய்வு சார்."

சில வாரங்களில், வீலை முழுவதும் திருப்பி நிறுத்தியிருந்தபோது தற்செயலாக டயரின் உள்பக்கம் கண்ணில் பட்டது. வெளியே பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) புதுசு மாதிரி இருக்கிறது. உள்விளிம்பில் பட்டனே இல்லை, வழவழப்பு. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடுதான் 1.6 மி.மீ. எல்லைக்குறி, பட்டன் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். என் டயரில் உள்பக்கப் பள்ளம் அதையும் தாண்டிப் போயிருந்தது.

வேறொரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். சத்தம் எப்போது வருகிறது என்று மட்டும் கேட்டார். "ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினா வரலை, ஒண்ணு மட்டும் ஏறினா வருதா? அப்ப லிங்க் ராடை முதல்ல பார்ப்போம் தம்பி." அவர் சொன்ன காரணம் எளிது. இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஆன்ட்டி ரோல் பார், சக்கரங்கள் வெவ்வேறு உயரத்துக்குப் போகும்போதுதான் முறுக்கப்படும். இரண்டும் ஒன்றாக ஏறினால் அதற்கு வேலையே இல்லை. அந்த பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பிதான் லிங்க் ராடு. இரண்டு பக்கமும் லிங்க் ராடைக் கழற்றிவிட்டு, மெதுவாக அதே குழியில் ஓட்டிக் காட்டினார். சத்தம் இல்லை. இடது லிங்க் ராடின் உருண்டை கூட்டுக்குள் லொடலொடத்தது. சஸ்பென்ஷனிலேயே மலிவான பாகங்களில் ஒன்று அது. ரேக்குக்கும் ஷாக்குக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஷாக் லீக் போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நிஜமான லீக் நாள்கணக்கில் கசியும். அதன்மேல் தூசி ஒட்டி, கருப்புக் களிம்பாகப் படிந்திருக்கும். என் போட்டோவில் பக்கத்தில் எல்லாம் காய்ந்த புழுதி, நடுவில் மட்டும் சுத்தமான ஈர எண்ணெய், அதுவும் மேலிருந்து தெளித்த துளிகளோடு. ஷாக் மேல்பகுதியில் லேசான எண்ணெய்ப் படலம் இருந்தாலே போய்விட்டது என்று சொல்லவும் முடியாது. வழிந்து ஓடினால்தான் மாற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் துணியால் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டி மறுபடி பாருங்கள். எங்கே போய்விடப் போகிறது ஷாக்?

இதுவரை நடந்தது பணம் பிடுங்குவது. அடுத்தது உயிர் விஷயம். டை ராட் எண்ட், அதாவது ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை, அந்தப் பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு பக்கம் மரை நீளமாக வெளியே தெரிந்தது, இன்னொரு பக்கம் கொஞ்சம்தான். ஸ்டீயரிங் கோணலாக நின்றதற்குக் காரணம் ரோடு இல்லை, இதுதான். வலது லாக் நட் விரலால் சுற்றியதற்கே சுழன்றது. லாக் நட் இறுகவில்லை என்றால் டை ராட் தானே சுழன்று டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மாறிக்கொண்டே போகும். மெஷினில் ஏற்றியபோது முன்சக்கரங்கள் நன்றாக வெளிநோக்கித் திரும்பியிருந்தன. டோ அவுட் அதிகமானால் டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடும். உள்விளிம்பு அதில்தான் போனது.

இதைச் சொன்னதும் பழைய ஒர்க்‌ஷாப்பின் பதில் தயாராக இருந்தது: "நாங்க கரெக்டா வச்சோம், அப்புறம் லூசாகி மாறியிருக்கும்." லூசாக விட்டது யார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சீட்டில் பின்சக்கர டோவும் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது. என் வண்டியின் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே இரும்பு உத்தரம்), பெரும்பாலான சின்ன ஹேட்ச்பேக்குகளில் இருப்பது போலவே. அதில் டோவையோ கேம்பரையோ திருத்த கம்பெனியே ஸ்க்ரூ வைக்கவில்லை. தொட முடியாத இடத்தின் அளவு எப்படித் திருந்தியது? இதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

மெஷின் அளப்பதை அளந்து காட்டும், அவ்வளவுதான். சக்கரத்தில் மாட்டும் டார்கெட் தட்டு லேசாகச் சாய்ந்திருந்தால் சிவப்பு வரும். நேராக்கினால் பச்சை வரும். மெனுவில் வேறு மாடலைத் தேர்ந்தெடுத்தாலும் நிறம் மாறும். அதனால் சீட்டில் முதலில் பாருங்கள்: உங்கள் வண்டியின் மாடல், வருடம் சரியாக இருக்கிறதா, டார்ஷன் பீம் வண்டி என்றால் பின்சக்கர எண்கள் வேலைக்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றனவா என்று.

கேம்பர் கரெக்‌ஷனும் இதே ரகம். மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண்) வைத்த பல வண்டிகளில் முன் கேம்பரைத் திருத்த வழியே கொடுத்திருக்க மாட்டார்கள். தேவைப்பட்டால் ஸ்ட்ரட்டின் கீழே தனியாக கேம்பர் போல்ட் போட வேண்டும். பில்லில் கரெக்‌ஷன் இருக்கிறது. வண்டியில் பழைய போல்ட்தான் இருக்கிறது. சில இடங்களில் ஸ்ட்ரட்டையே ஜாக்கி வைத்து வளைக்கிறார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

லோயர் ஆர்ம் புஷ் கதையை நான் புதிதாகத் தெரிந்துகொண்டேன். வண்டி லிஃப்டில், சக்கரங்கள் தொங்கும் நிலையில் புஷ்ஷின் நடுவே போகும் போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். ஓட ஓடக் கிழியும். பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. என் புத்தம்புது புஷ்ஷில் அதற்குள் விரிசல்.

டயரிலும் ஒரு விளையாட்டு. பக்கச் சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி 4 எண்கள் தயாரான வாரமும் வருடமும்: 2221 என்றால் 2021-இன் 22-ஆவது வாரம். முழு எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். என் இரண்டு டயர்களிலும் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் இரண்டுக்கும் வருடமே வேறு. ரிம்மில் மாட்டுவதற்கு முன்னால், டயர் தரையில் கிடக்கும்போதே எண்ணைப் பாருங்கள்.

வீல் நட்டையும் நியூமேடிக் கன்னால் அடித்து முடுக்கியிருந்தார்கள். வண்டியோடு வந்த ஸ்பேனரால் அசையவில்லை. பஞ்சராகியிருந்தால் நடுரோட்டில் நின்றிருப்பேன். சின்ன ஹேட்ச்பேக்குகளுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்குவிசை போதும். சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முடிக்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு ரெஞ்சே இல்லாத இடத்தில் சஸ்பென்ஷன் வேலையே வேண்டாம்.

வண்டியை விடும்போது குறையை எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். "அலைன்மென்ட் பாருங்க" என்று சொல்லாமல், என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள். 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது. ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்று; அழுத்த அளவு பெரும்பாலும் டிரைவர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும், டயர் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். அதுவும் சரியென்றால் முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள் (ஒரே திசையில் சுழல வேண்டிய டயர் என்றால் கூடாது). இழுப்பு பக்கம் மாறினால் குறை டயரில். பார்ட்ஸ் மாற்றினால் பழையதை டிக்கியில் போடச் சொல்லுங்கள், வேலை தொடங்கும் முன்பே. என் பழைய ரேக்கைக் கேட்டபோது "ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள்.

இலவசமாக மறுபடி அலைன்மென்ட் செய்து தருகிறோம் என்பதுதான் அவர்கள் கடைசியாக இறங்கி வந்த இடம். மொட்டையான உள்விளிம்புக்கு அலைன்மென்ட் செய்து என்ன ஆகப்போகிறது? டயர், ரேக், லோயர் ஆர்ம், செய்யாத கேம்பர் வேலை ஆகியவற்றுக்கான பணத்தைக் கேட்டு, இரண்டு அலைன்மென்ட் சீட்டுகளையும் ஷாக் போட்டோவையும் இணைத்து எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இதே பதிவில் சேர்க்கிறேன்.