அலாய் டிரிம் மாட்டக் கொடுப்பதற்கு முன் என் மீட்டருக்குள் இருக்கும் கட்டைவிரலைப் பாருங்கள்

என் வண்டியின் ஸ்பீடோமீட்டர் கண்ணாடியில், 60க்கும் 80க்கும் நடுவே, ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. வெளியே இல்லை, கண்ணாடிக்கு உள்பக்கம். கைநாட்டு வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று, சுழி சுழியாக, ஒவ்வொரு கோடும் எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு உள்ளே அலாய் (அலுமினியக் கலப்பு உலோகம்) அலங்காரம் போடலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் நிதானமாகப் படித்துவிட்டுப் போங்கள்.

வண்டி 1996 மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்து 1997 வரை ஓடிய முதல் தலைமுறை, முன்விளக்கு எழுந்து நிற்கிற மாடல். உள்ளே பார்த்தால் ஒரே கறுப்பு பிளாஸ்டிக். அந்த எளிமைதான் அழகு என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. வட்ட வட்டமாக ஏசி வென்ட், வட்ட வட்டமாக மீட்டர். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெள்ளி வளையம் போட்டால் எப்படி இருக்கும் என்று ராத்திரியெல்லாம் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் முழு செட் கிடைத்தது. வென்ட் வளையம் நாலு, மீட்டர் வளையம் ஐந்து, கியர் நாப் (கியர் தடியின் உச்சியில் இருக்கும் பிடி), கியரைச் சுற்றி ஒரு தகடு, ஹேண்ட்பிரேக் உறை, மூன்று பெடலுக்கும் மூடி, கதவடியில் பதிக்க இரண்டு நீளத் தகடு. "ஏர்கிராஃப்ட் கிரேடு பில்லட் அலாய்", அதாவது முழு உலோகக் கட்டியிலிருந்து கடைந்தது, என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். (ஏர்கிராஃப்ட் கிரேடு என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். பெரும்பாலும் 6061 ரக அலுமினியத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். நல்ல உலோகம்தான், ஆனால் சைக்கிள் சட்டத்திலும் அதே 6061தான் இருக்கிறது.)

பார்சலைப் பிரித்தபோது மேலாக இருந்தது கியர் நாப். கையில் எடுத்தால் ஜில்லென்று, கனமாக, கடைந்த கோடுகள் தெரிகிற மாதிரி அருமையான சாமான். அதைக் கையில் உருட்டிப் பார்த்துத் திருப்தியாகிவிட்டேன். மிச்சமெல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் பையில் ஒட்டியிருந்தது. எதற்குப் பிரித்துக் கலைப்பானேன் என்று அப்படியே விட்டேன். செட்டிலேயே நிஜ அலுமினியம் நாப்பும், ஹேண்ட்பிரேக் உறையும், பெடல் மூடியும், கதவடித் தகடும் மட்டும்தான் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. கை படுகிற இடம், கால் படுகிற இடம் எல்லாம் உலோகம். கண் மட்டும் படுகிற இடமெல்லாம் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல் வெள்ளிப் பூச்சு. ஏமாற்றுகிறவருக்கும் ஒரு தொழில் நேர்த்தி இருக்கத்தான் செய்கிறது.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். தெரியாது. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. மல்டிமீட்டரையும் நம்ப முடியாது, ஆனோடைஸ் செய்த, அதாவது மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய, அலுமினியத்தின் மேல்பரப்பே மின்சாரத்தைக் கடத்தாது. எடையைப் பாருங்கள். அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், ஏபிஎஸ் ஒரு கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நகத்தால் தட்டினால் உலோகம் "டிங்" என்னும், இது "டொக்" என்னும். அதிலும் சந்தேகம் என்றால் வெளியே தெரியாத உள்விளிம்பில் ஊசியால் ஒரு கீறு. எனக்கு வெங்காயத்தோல் மாதிரி உரிந்து வந்தது, அடியில் கறுப்பு. ஆனால் அதைக் கீறிப் பார்த்தபோது வளையம் டேஷ்போர்டில் ஏறி மூன்று நாள் ஆகியிருந்தது.

மாட்டுவதற்கு ஒரு கார் அலங்காரக் கடையில் கொடுத்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. "ரெண்டு மணி நேர வேலை சார், நீங்க போயிட்டு வாங்க, ரெடி பண்ணி வைக்கிறோம்" என்றார் உரிமையாளர். கூடவே நின்று பார்க்கிறேன் என்றேன். "உள்ள ஆளுங்க வேலை செய்யற இடம் சார், இன்சூரன்ஸ் பிரச்சினை" என்றார். நானும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். இந்த விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இதுதான்.

சாயங்காலம் வண்டியை எடுத்தபோது கதவைத் திறந்ததும் குப்பென்று பாலிஷ் வாசனை. டேஷ்போர்டு பளபளவென்று மின்னியது. வளையங்கள் ஜொலித்தன. ஸ்டீயரிங் நடுவே வட்டமாக ஒரு உலோக எம்பளம் வேறு. நான் கேட்கவில்லை. "அது நம்ம கிஃப்ட் சார்" என்றார். சந்தோஷமாகவே கிளம்பினேன், பொய் சொல்லக் கூடாது.

முதல் திருப்பம் தாண்டியதும் கவனித்தேன், ஸ்பீடோ முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. இந்தத் தலைமுறை வண்டியில் ஸ்பீடோமீட்டருக்குக் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வருகிறது. வளையம் ஒட்ட மீட்டர் பெட்டியை வெளியே எடுக்கும்போது அந்தக் கேபிளைக் கழற்ற வேண்டும். திரும்ப வைக்கும்போது அது 'டக்'கென்று உட்கார வேண்டும். உட்கார வைக்கவில்லை. மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது முன்னாடியே இப்படித்தான் இருந்திருக்கும் சார், பழைய வண்டிதானே."

"அண்ணே, நேத்து காலையில ஓட்டிட்டு வந்து உங்ககிட்ட குடுத்தவனே நான்தான்."

கேபிளைச் சொருகிக் கொடுத்தார்கள். அப்போதாவது உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் சாவியைத் திருப்பியபோது மீட்டர் கண்ணாடி பனி படிந்த மாதிரி மங்கலாக இருந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் அந்த மங்கலின் நடுவே கட்டைவிரல்.

அப்புறம் தேடிப் படித்ததில் புரிந்தது. வளையங்களைச் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் இருப்பது சயனோஅக்ரிலேட். காயும்போது அதிலிருந்து ஆவி கிளம்பும். மூடிய இடம் என்றால் அந்த ஆவி போக வழியில்லாமல் பக்கத்தில் இருக்கும் பரப்பிலேயே வெள்ளையாக உறைந்துவிடும். விரல் பட்ட இடத்தில் வியர்வை ஈரமும் உப்பும் இருப்பதால் அங்கே இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். தடயவியல் துறையினர் பொருட்களிலிருந்து கைரேகை எடுக்க ஒரு பெட்டிக்குள் வைத்து வேண்டுமென்றே செய்கிற வேலை இது. என் மீட்டருக்குள் அது இலவசமாக நடந்திருக்கிறது.

நேராகக் கடைக்குப் போனேன்.

"பசையே போடல சார். எல்லாம் டபுள் சைடு டேப்தான்."

கண்ணாடியைக் காட்டினேன். உரிமையாளர் ஒரு நிமிடம் பார்த்தார். உள்ளே திரும்பி ஒரு பையனைக் கூப்பிட்டார். அந்தப் பையன் வந்து பார்த்துவிட்டு, தன் கட்டைவிரலையும் ஒருதரம் பார்த்துக்கொண்டான். வாய் திறக்கவில்லை. பிறகு மெதுவாக, "தின்னர் போட்டுத் துடைச்சா போயிடும்ணே" என்றான். நல்லவேளை அதற்குச் சம்மதிக்கவில்லை. கண்ணாடி என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர அது தெளிந்த பிளாஸ்டிக். தின்னரும் அசிட்டோனும் பட்டால் அந்த இடமே வெந்த மாதிரி வெடிப்பு விட்டுப் பால்போல ஆகிவிடும்.

அங்கேயே நின்று மற்றதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வென்ட்டின் நடுவே உருளும் பந்து இருக்கிறதல்லவா, நாலில் இரண்டில் பசை வழிந்து பந்து அசையவே இல்லை. காற்று ஒரே திசையில், என் இடது தோளைப் பார்த்து. கியர் நாப் லேசாக ஆடியது. எம்எக்ஸ்-5 கியர் தடியின் மரை எம்10 (10 மி.மீ. விட்டம்), பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, 1.25 மி.மீ. ஹோண்டாவிலும் எம்10தான், ஆனால் பிட்ச் 1.5. டொயோட்டாவில் பல வண்டிகளுக்கு எம்12. வந்திருந்த நாப்பின் மரை 1.5. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். இறுகினால் கழற்றி ஏன் என்று பார்க்க வேண்டும். இவர்கள் பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். தடியில் மேல் நாலு மரை சிதைந்துபோயிற்று. பிறகு வேறொரு மெக்கானிக் சரியான டையை ஓட்டி மரையைத் திரும்ப வெட்டிக் கொடுத்தார். அவருக்கு இரண்டு கையாலும் கும்பிடு.

கதவடித் தகடு தனிக்கதை. ஒரு மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 1 மி.மீ. நீளும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் அதே சூட்டில் அதைப்போல மூன்று மடங்கு நீளும். ஆளுக்கொரு அளவில் நீண்டு சுருங்கும் இரண்டையும் நுரை வைத்த அக்ரிலிக் டேப் தாங்கும், ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும். சூப்பர் க்ளூ காய்ந்தால் கண்ணாடிபோல் கடினம், இழுத்தால் நொறுங்கும். வெயிலில் இரண்டு முறை நிறுத்தியதுமே என் தகட்டின் நுனி எழும்பி பேண்ட்டைக் கிழித்தது. டேப் போட்ட இடமும் நிற்கவில்லை. காரணம், நான் மயங்கிய அதே பளபளப்பு. சிலிகோன் பாலிஷ் அடித்த பரப்பில் எந்த டேப்பும் பிடிக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடைத்து, காயவிட்டு, கதகதப்பான நாளில் அழுத்தி ஒட்ட வேண்டும். அந்த வகை டேப் முழுப் பிடிப்புக்கு வர மூன்று நாள் ஆகும். இவர்கள் முதலில் பாலிஷ் அடித்துவிட்டு அப்புறம் ஒட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் பணமும் மனசும் போகிற சமாச்சாரம். பெடலில் நடந்தது உயிர் சம்பந்தப்பட்டது. அந்த வண்டியின் கால்வைக்கும் இடம் குறுகல், பெடல்கள் நெருக்கமாக இருக்கும். பிரேக் மூடியை ரப்பருக்கு மேல் வைத்து இரண்டு காதுகளை மடக்கிவிட்டிருந்தார்கள், திருகே இல்லை. ஓட்ட ஓட்ட அது வலப்பக்கம் அரை விரல் நகர்ந்திருக்கிறது. சிக்னலில் நிறுத்த பிரேக்கை மிதித்தேன், இன்ஜின் உறுமியது. செருப்பின் விளிம்பு ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்துக்கொண்டிருக்கிறது. கிளட்சை மிதித்துத் தப்பித்தேன். அன்று ராத்திரியே மூன்றையும் பிடுங்கிப் போட்டேன். பெடல் மூடி போட்டே ஆக வேண்டும் என்றால் பழைய ரப்பரை எடுத்துவிட்டு, பெடலிலேயே துளையிட்டு நட்டு போல்ட்டு போடும் வகையாகப் பாருங்கள். மூடி பெடலின் அகலத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம் அந்த "கிஃப்ட்". ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக். மோதினால் அது விரிய ஆகும் நேரம் 30, 40 மில்லி செகண்ட். கண் இமைப்பதைவிட வேகம். அதன் மூடி எந்தக் கோட்டில் கிழிய வேண்டுமோ அந்தக் கோட்டின் மேல் ஒரு உலோக வட்டை ஒட்டியிருந்தார்கள். அது பறந்து வரும் திசையில் என் முகம் இருக்கிறது. தூண்டில் நரம்பை அடியில் விட்டு அறுத்து எடுத்தேன். ஏர்பேக் மேலோ, பயணியின் பக்கம் டேஷ்போர்டில் ஏர்பேக் இருந்தால் அதன் மூடி மேலோ, எவ்வளவு சின்னதானாலும் எதையும் ஒட்டவிடாதீர்கள்.

விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டேன். "விளக்கத்தின் கடைசி வரியில் 'அலாய் ஃபினிஷ்' என்று போட்டிருக்கிறோமே" என்று பதில். போய்ப் பார்த்தேன், இருந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் பாதிப் பணம் திருப்பித் தருவதாகவும் எழுதினார்கள். கொடுக்கவில்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் இலவசமாகத் திரும்ப ஒட்டித் தருகிறேன் என்றார். அதற்கு நான் சிரித்ததை அவர் தப்பாக எடுத்துக்கொண்டார்.

உண்மையில் பிளாஸ்டிக்கை அலாய் என்று தலையில் கட்டியதுகூட எனக்கு இப்போது பெரிதாகப் படவில்லை. போலி வளையத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். வண்டியோடு பிறந்த சாமான் போனதுதான் தாங்க முடியவில்லை. வென்ட் ஓரத்தில் இருந்த சின்னச் சின்னக் கொக்கிகள், இத்தனை வருடம் வெயிலில் வெந்து பிஸ்கட் மாதிரி ஆனவை, நெம்பியதில் மூன்று உடைந்திருந்தன. என் பழைய தோல் கியர் நாப் எங்கே என்று கேட்டேன்.

"அந்தப் பழசா சார்? நீங்கதான் புதுசு போடச் சொன்னீங்களே. குப்பைக்குப் போயிடுச்சு."

இப்போது யாராவது எந்த வேலைக்கு வண்டியை விட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: கழற்றுகிற ஒவ்வொரு துண்டையும் ஒரு டப்பாவில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லி பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் மீட்டர் ஓடுவதை, எச்சரிக்கை விளக்குகள் அணைவதை, ஒவ்வொரு வென்ட்டும் சுழல்வதை ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். "முன்னாடியே இப்படித்தான் இருந்திருக்கும்" என்ற வாய்க்கு அது ஒன்றுதான் பதில். "எதை வைத்து ஒட்டப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வர மூன்று விநாடிக்கு மேல் ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

உடைத்துப் பிரிக்கப்பட்ட இன்னொரு எம்எக்ஸ்-5இலிருந்து நாப்பும் இரண்டு வென்ட்டும் கிடைத்துவிட்டன. மீட்டர் கண்ணாடி அடுத்த வாரம் பார்சலில் வருகிறது. நானே மாட்டப் போகிறேன், கையுறை போட்டுக்கொண்டு.