அம்பாசிடர் கதவுக் கைப்பிடி: மூன்று மழைக்காலம் ஓடிய பிறகு

கண்ணாடி இறக்கும் கைப்பிடி சும்மா சுற்றுகிறது என்றால், கோயம்புத்தூர் உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஒன்று தேடி வாங்கி மாட்டிவிட்டு வருவதுதான் வழக்கம். கொஞ்ச நாளில் அதுவும் சுற்றும். ஏனுங்க என்றால், கண்ணாடி இறுகிக் கிடக்கும்போது கைப்பிடியை மட்டும் மாற்றினால் புதுசும் தேயத்தான் செய்யும். கதவுக்குள் இறுக்கத்தை எடுத்த பிறகே கைப்பிடிக்கு வர வேண்டும். நான்கு கதவும் அந்த வரிசையில் பிரித்துச் செய்து மூன்று மழைக்காலம் ஓடியாகிவிட்டது. எது நின்றது, எது நிற்கவில்லை என்பது கீழே.

முதலில் கழற்றுவது. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று டோர் பேடில், அதாவது கதவின் உட்பக்க அட்டையில், ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார் வழி வந்த பழைய வண்டிகளில் கைப்பிடியைத் தண்டோடு பிடித்திருப்பது பெரும்பாலும் குறுக்கு பின்தான். கைப்பிடிக்கு அடியில் இருக்கும் குரோம் வளையத்தை ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதை உள்ளே அழுத்தினால் பின் தெரியும். பின்னைவிடச் சற்று மெல்லிய பஞ்ச் வைத்து, எதிர்ப்பக்கம் மரக்கட்டை தாங்கல் கொடுத்துத் தட்ட வேண்டும். தாங்கல் இல்லாமல் அடித்தால் பின் வருவதற்கு முன் கைப்பிடியின் கழுத்து விரியும். பின்னாளில் கைமாறிய வண்டிகளில் நடுவில் ஸ்க்ரூ இருக்கலாம், லாட வடிவ கிளிப்பும் இருக்கலாம். கிளிப் என்றால் துணிப்பட்டையைக் கைப்பிடிக்கும் வாஷருக்கும் நடுவே நுழைத்து இரண்டு பக்கமும் மாறிமாறி இழுத்தால் தெறித்து வரும். பட்டறையில் கைக்கு முதலில் கிடைப்பது திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். ஆனால் பின்னல் துணி நீண்டுகொடுக்கும், கிளிப்பைப் பிடிக்காது. வேட்டிக் கரையைக் கிழித்து எடுத்தால் ஒரே இழுப்பு. தெறிக்கும் கிளிப் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, முன்கூட்டியே மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள்.

டோர் பேடை ஓரத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே ஹார்ட்போர்டு, கீழ் ஓரம் தண்ணீர் குடித்து அப்பளமாகியிருக்கும். தட்டையான தகடை ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே கொடுத்து நெம்ப வேண்டும்.

இனி கண்ணாடியை ஏற்றி இறக்கும் விண்டோ மெஷின். அதன் போல்ட்டில் கை வைக்கும் முன் கண்ணாடியை மேலே ஏற்றி இரண்டு ரப்பர் ஆப்பு அடித்து நிறுத்துங்கள். கண்ணாடி எடையைத் தாங்கும் ஸ்பிரிங் முறுக்கேறியே இருக்கும். பல்சக்கரத்தை விடுவித்தால் மெஷினின் கை சட்டென்று சுழலும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கிவிடும். வெளியே எடுத்ததும் பழைய கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருப்பதைப் பார்க்கலாம். டீசலில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, லித்தியம் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். அள்ளி அப்பினால் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் மண் அத்தனையும் அதில் ஒட்டி, உப்புத்தாளாக மாறிப் பல்லைத் தின்னும்.

சேனல் என்னும் தகரக் காடியில் ஓடும் மெஷினின் உருளை தேய்ந்திருந்தால் கோயம்புத்தூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. எதில் கடைவது என்பதுதான் கேள்வி. நைலான் உருளை அடைமழை மாதத்தில் ஈரம் உறிஞ்சிப் பருத்து, சேனலில் பிடித்தது. டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடைந்தது இன்றுவரை தொந்தரவு தரவில்லை. நைலான்தான் கிடைக்கிறது என்றால் இடைவெளியைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக் கடையச் சொல்லுங்கள்.

இறுக்கத்துக்குப் பெரிய காரணம் மெஷின்கூட இல்லை, கண்ணாடியின் ஓரம் ஓடும், ஃபெல்ட் துணி பதித்த சேனல். துணி உதிர்ந்து தகரம் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதற்குள் ஆயில், கிரீஸ் எதுவும் கூடாது. சிலிகான் ஸ்பிரே அல்லது பிரெஞ்சு சாக் (டால்க்) தூள் மட்டும். சேனல் மாற்றிய கதவில் இரண்டு விரலால் கண்ணாடி ஏறுகிறது. செலவை யோசித்துப் பழைய சேனலோடு விட்ட பின்கதவில்தான் கைப்பிடி மறுபடி ஆட்டம் கண்டது.

இப்போதுதான் கைப்பிடி. கைப்பிடிகள் பித்தளை என்று நினைத்து பிரேசிங் (பித்தளைப் பற்று) வைக்கக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை மசாக், அதாவது துத்தநாகக் கலவை வார்ப்பு. 400 டிகிரி தொடுவதற்குள் உருகி வழிந்துவிடும். காந்தம் இரண்டிலும் ஒட்டாது. துளையின் உட்பக்கம் சுரண்டிப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளையென்றால் மசாக். தேய்ந்த துளையை லேத்தில் பெரிதாக்கி, தண்டின் அளவுக்குத் துளையிட்ட இரும்பு புஷ்ஷை இறுக்கமாக இறக்கி எபாக்சி வைத்ததுதான் நின்ற வழி. பின்னுக்கான துளையை எபாக்சி காய்ந்த பிறகு போட வேண்டும். கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் புஷ் இறக்கும்போதே பிளக்கும். அதற்குச் செலவு செய்வது வீண். பால்பவுடர் டின் தகரத்தைச் சுற்றி மாட்டும் பழைய வித்தை ஊருக்குப் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். புதிதாக விற்கும் பிளாஸ்டிக் கைப்பிடியைப் பரிந்துரைக்க மாட்டோம். சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் நுனி வெடித்துவிட்டது.

குரோம் பிளேட்டிங் கொடுக்கும்போது 'இது மசாக்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரும்புக்குப் போடும் அமிலத்தொட்டியில் போட்டால் குழி விழும். ஏற்கனவே அம்மைத்தழும்பாக இருப்பது பிளேட்டிங்கில் மறையாது. முதலில் செம்புப் பூச்சு ஏற்றித் தேய்த்தால்தான் ஓரளவு மட்டமாகும். திரும்பி வந்ததும் பின்னுக்கான துளை சிறுத்திருக்கும். துளையைச் சீராக்கும் ரீமர் ஓட்டாமல் பின்னை அடித்து ஏற்றினால் புதுக் குரோம் உரிந்து வரும்.

கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவதைத் தடுக்க முடியாது. கண்ணாடியை ஒட்டிய வெளி பீடிங் (ரப்பர் பட்டை) வழியாக வரும், அடியில் இருக்கும் துளைகளில் போக வேண்டும். சைக்கிள் ஸ்போக்கால் அந்தத் துளைகளைக் குத்திவிடுங்கள். பேடுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் கட்டாயம். கீழ் ஓரத்தைக் கதவின் உட்புறம் பார்த்து மடித்துச் செருக வேண்டும், வெளியே தொங்கவிட்டால் தண்ணீர் நேராக ஹார்ட்போர்டில் இறங்கும். புது பேடின் பின்பக்கம் இரண்டு கை வார்னிஷ், கிளிப் துளைகளின் விளிம்பு உட்பட. வார்னிஷ் அடிக்காமல் மாட்டிய ஒரு பேடு இரண்டாவது ஐப்பசியிலேயே அலையலையாக எழும்பிவிட்டது.

கடைசியாக, கதவைத் திறக்கும் உட்கைப்பிடியைப் பூட்டோடு இணைக்கும் கம்பியை மாட்டியதும் சித்தெ பொறுங்க, கதவை உடனே சாத்திவிடாதீங்க. கதவு திறந்தே இருக்க, பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடி, உள்ளேயும் வெளியேயும் கைப்பிடியை இழுத்து விடுபடுகிறதா என்று பாருங்கள். ரிமோட் தகட்டின் (உட்கைப்பிடி பொருந்தும் தகடு) ஸ்க்ரூ துளைகள் நீளவாக்கில் இருந்தால் அதில் முன்னே பின்னே நகர்த்தலாம். கம்பி இழுவிசையோடு நின்றால் நாக்கு முழுசாக விழாது, மேட்டில் குலுங்கும்போது கதவு திறக்கும். தளர்வு அதிகமானால் உள்ளிருந்து திறக்கவே திறக்காது. சோதிக்காமல் சாத்தி மாட்டிக்கொண்டால், மூடிய கதவில் டோர் பேடைக் கழற்ற வேண்டிவரும். வார்னிஷ் அடித்த புது பேடு அதில் பிழைக்காது.