ஆமிஷ் வீட்டு ‘ஏழையின் ஸ்டேக்’: பலமுறை சமைத்துப் பார்த்த பிறகு

ஒரு கிலோ மாட்டுக் கைமாவில் ஆறு பேர் வயிறார இரவுச் சாப்பாடு சாப்பிடலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், ஒஹையோவின் ஹோம்ஸ் பகுதிகளில், நவீன வசதிகளைப் பெரும்பாலும் தவிர்த்து எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் குடும்பங்கள் சமைக்கும் ‘புவர் மேன்ஸ் ஸ்டேக்’ அப்படிப்பட்டது. கைமாவைத் தட்டில் அழுத்திக் குளிரவைத்து, துண்டு போட்டு, மாவில் புரட்டி வறுத்து, கிரேவி ஊற்றி ஓவனில் வேகவைப்பார்கள். இதைத் தூக்கி நிறுத்துவது முந்தின இரவு செய்யும் வேலைதான். கிரேவி தவறினால் அடுப்பிலேயே சரிசெய்துவிடலாம். கலவை தவறினால் வழியில்லை.

1 கிலோ கைமாவுக்கு 80 கிராம் சால்டைன் கிராக்கர் (மொறுமொறுப்பான மெல்லிய உப்பு பிஸ்கட்), 180 மி.லி. பால், மிகப் பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள். கொழுப்பு 20 சதவீதம் உள்ள கைமாவையே வாங்குங்கள். விலையும் குறைவு, கிரேவிக்கான கொழுப்பும் அதிலிருந்தே கிடைக்கும். கொழுப்பு குறைந்த கைமா காசையும் கூடுதலாக வாங்கிக்கொண்டு, சக்கை போலவும் ஆகிவிடும்.

கிராக்கரை நொறுக்கிப் பாலில் பத்து நிமிடம் ஊறவிட்ட பிறகுதான் கைமாவைச் சேர்க்க வேண்டும். ஊறிய மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். இறைச்சியின் புரதம் ஒன்றோடொன்று இறுகாமலும் தடுக்கும். காய்ந்த தூளாகப் போட்டால் அது இறைச்சியின் சாற்றையே உறிஞ்சிக்கொள்ளும். சப்பாத்தி மாவு போலப் பிசையக் கூடாது. விரல் நுனியால் ஒன்றுசேரும் வரை கலந்தால் போதும். அதிகம் பிசைந்தால் புரதம் பசையாகி, வெந்த பின் ரப்பர் போல இழுக்கும். வெங்காயத் துண்டு பெரிதாக இருந்தால் அந்த இடத்திலேயே ஸ்டேக் உடையும்.

தட்டில் 2 செ.மீ. கனத்துக்கு அழுத்தி, மூடி, ஃபிரிட்ஜில் 8 மணி நேரம் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் வாணலியில் திருப்பும்போதே பிளக்கும், ஏனென்றால் கொழுப்பு உறைந்து இறுகியிருக்காது. (ஆமிஷ் வீடுகளில் மின்கம்பி இல்லையே, ஃபிரிட்ஜ் எப்படி என்று கேட்கலாம். பல வீடுகளில் அடுப்போடு ஃபிரிட்ஜும் எரிவாயுவில் ஓடுகிறது.)

மறுநாள் 12 துண்டுகளாக வெட்டி, வறுக்கும் நேரத்தில் மட்டும் மைதாவில் புரட்டுங்கள். முன்கூட்டியே புரட்டினால் மாவு ஈரமாகி வாணலியில் ஒட்டும். இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்ததும் நான்கு நான்காகப் போட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம். நெருக்கிப் போட்டால் நீர் விட்டு வெந்துபோகும், சிவக்காது.

கிரேவிக்கு டின் காளான் சூப் ஊற்றுவது ஆமிஷ் சமையலறையிலும் சகஜம்தான். 298 கிராம் டின் இரண்டு, ஒரு டின் அளவு பால். வேலை மிச்சம், ஆனால் உப்பு தூக்கும். அப்போது கலவையில் உப்பைப் பாதியாக்குங்கள். நல்லது கையால் செய்வதே. வறுத்த வாணலியில் மூன்று டேபிள்ஸ்பூன் கொழுப்பை மட்டும் விட்டு, 200 கிராம் காளானை வதக்குங்கள். 30 கிராம் மைதாவைத் தூவிப் பச்சை வாசனை போகும் வரை இரண்டு நிமிடம் கிளறி, 600 மி.லி. பாலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிவிடுங்கள், ருசி முழுக்க அதில்தான். முதல் அரை கப் பால் கட்டியில்லாமல் கரைந்த பிறகே மிச்சத்தை ஊற்ற வேண்டும்.

ஓவனுக்குப் போகும்போது கிரேவி மோர்க்குழம்பை விடச் சற்று நீர்க்க இருக்கட்டும். துண்டுகளின் மேலுள்ள மாவு உள்ளே கரைந்து கெட்டியாக்கும். 160 டிகிரி செல்சியஸில் மூடி வைத்து 75 நிமிடம். துண்டின் நடுவே 71 டிகிரியைக் கட்டாயம் தொட வேண்டும், கைமாவில் அரைவேக்காடு ஆபத்து. வெப்பத்தைக் கூட்டி அவசரப்பட்டால் பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். அப்படியானால் துண்டுகளை எடுத்துவிட்டு, நான்கைந்து ஸ்பூன் சூடான பாலை ஊற்றி வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

மசித்த உருளைக்கிழங்கோ வெண்ணெய் புரட்டிய முட்டை நூடுல்ஸோ இதற்குத் துணை. உருளைக்கிழங்குதான் கிரேவியை நன்றாகத் தாங்குகிறது.

மிச்சம் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். சூடுபடுத்தும்போது இரண்டு ஸ்பூன் பால் சேர்க்க வேண்டும். ஃபிரீசரில் வைப்பதானால் வறுத்த துண்டுகளை மட்டும் வையுங்கள். பால் கிரேவி உறைந்து உருகினால் தண்ணீர் பிரிந்துவிடும்.