சுரங்க மண்மேடு: சமன்செய்து புல்லா, தளர்வாக விட்டு மரமா?

நிலக்கரி எடுத்த குழியை மூடிய பிறகு இரண்டு வழிகள் உண்டு. புல்டோசரைத் திரும்பத் திரும்ப ஓட்டி நிலத்தை இறுக்கிச் சமன்செய்து, புல்லும் பயறு வகைச் செடிகளும் நெருக்கமாக விதைப்பது ஒன்று. மேலே வரும் 1.2 மீட்டர் மண்ணை மட்டும் டிப்பர் கொட்டியபடியே தளர்வாக விட்டு, லேசாக ஒரு தடவை நிரவி மரக்கன்று நடுவது மற்றொன்று. காடு வேண்டுமென்றால் என் தேர்வு இரண்டாவதுதான்.

புல்லின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரே மழைக்காலத்தில் பச்சை படரும், அரிப்பு குறையும், மேய்ச்சலுக்கு ஆகும்.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது மண் இறுக்கம். 100 கன செ.மீ. கொள்ளளவுள்ள வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணை 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். 120–140 கிராம் என்றால் வேர் தாராளமாக இறங்கும். 170ஐத் தாண்டினால் பெரும்பாலான மரங்களின் வேர் கீழே போக வழியின்றிப் பக்கவாட்டில் திரும்பிவிடும். களிமண்ணில் அதற்கும் முன்பே திரும்பும். சுரங்க மண்ணில் கல் அதிகம். கல்லின் எடையையும் கன அளவையும் கழிக்காவிட்டால் தளர்ந்த மண்கூட இறுகியதாகக் கணக்கு காட்டும்.

இறுகிய மண்ணில் நீர் இறங்காது. அதே கன்று மழையில் வேர் அழுகும், கோடையில் காயும். எவ்வளவு உரம் போட்டாலும் இது மாறாது. அமெரிக்காவில் 1977 சுரங்கச் சட்டத்துக்குப் பின் மண் சரியாமல் இருக்க இறுக்கிச் சமன்செய்வதே வழக்கமானது. அப்பலாச்சிய மலைகளில் அப்படி மூடிய இடங்கள் பல காடாகாமல் புல்வெளியாகவே நின்றன. அங்கே 2004இல் தொடங்கிய மறுகாடாக்க முயற்சி தளர்ந்த மண்ணை வலியுறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

ஏற்கெனவே இறுகிவிட்டதா? டோசரின் பின்னால் ரிப்பர் (மண்ணைக் கிழிக்கும் இரும்புக் கொழு) பூட்டி, ஒரு மீட்டர் ஆழத்தில், 2.5–3 மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கிழிக்கலாம். மண் காய்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ஈரத்தில் கொழு கீறிக்கொண்டு போகுமே தவிர கட்டி உடையாது. இது தவிர்த்திருக்கக்கூடிய செலவு. முதலிலேயே இறுக்காமல் விட்டதற்கு ஈடாகவும் வராது.

மர வழியில் சறுக்கும் இடங்களும் உண்டு. புல்லை நெருக்கி விதைத்தால் கன்றின் வெளிச்சத்தையும் நீரையும் அது பிடுங்கிக்கொள்ளும். விதையைக் குறைத்து, தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்து, மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கூட்ட வேண்டும். மேல்மண்ணை எடுத்த கையோடு பரப்புவது நல்லது. உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் வைத்தால் உள்ளே காற்றில்லாமல் விதைகளும் மரத்துக்கு உதவும் வேர்ப்பூஞ்சைகளும் செத்துப்போகும். செங்குத்தான சரிவில் உள்மண்ணை இறுக்கியே ஆக வேண்டும், மேலடுக்கு மட்டும் தளர்வாக இருக்கட்டும். மழை மிகக் குறைந்த பகுதிகளுக்கு இதே உறுதியுடன் சொல்ல மாட்டேன். பெரிய கற்களுக்கிடையே உள்ள பொந்துகளில் ஈரம் சீக்கிரம் போய்விடும்.

மண்ணில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் இரண்டு வழியும் தோற்கும். அது காற்றும் நீரும் பட்டு கந்தக அமிலமாகிறது. பைரைட்டிலுள்ள கந்தகம் 1 சதவீதம் என்றால், 1000 டன் மண்ணுக்குச் சுமார் 31 டன் சுண்ணாம்புக்கல் தூள் தேவை. அத்தகைய மண்ணை மேலடுக்கில் சேர்க்காமல் ஆழத்தில் புதைப்பதே மலிவு. ஆகவே எந்தப் பாறையடுக்கு மேலே வர வேண்டும் என்பதைத் தோண்டும்போதே பரிசோதித்து முடிவுசெய்யுங்கள்.