ரூ.62,500 போச்சு: திறந்தவெளிப் படக்காட்சிக்கு ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கிறவங்க கவனத்துக்கு

ப்ரொஜெக்டர், 16 அடிக்கு 12 அடி திரை, ட்ரஸ் (திரையைத் தாங்கும் உலோகச் சட்டம்), ஸ்பீக்கர், ஆபரேட்டர், எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு ரூ.62,500. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டு முகப்புக்கு எதிரே, திறந்தவெளியில், 1920களின் மௌனப்படம். ஆர்மோனியம், தபலா, வயலின் நேரடி வாசிப்பு. வந்த ஜனங்கள் பார்த்தது திரையில் சாம்பலாக ஏதோ அசைவதை மட்டும்தான். பாதியில் எழுந்து போனார்கள். பணம் இன்னும் வரவில்லை.

பெயர் போடவில்லை. விழாச் சாமான்களை வாடகைக்கு ஏற்பாடு செய்து தரும் இணையத் தளம், அதில் பதிவு செய்த ஒரு கடை.

எப்படி நம்ப வைத்தார்கள் என்பதைச் சொல்லியே ஆகணும், உங்களையும் இப்படித்தான் பிடிப்பார்கள். நாங்கள் கேட்டது 5,000 ஆன்சி லூமென்ஸ் (தர முறைப்படி அளந்த வெளிச்சம்), நேட்டிவ் 1920×1080 (மெஷினின் சொந்தப் புள்ளி எண்ணிக்கை), லென்ஸ் ஷிஃப்ட் (மெஷினை அசைக்காமல் படத்தை நகர்த்தும் வசதி). கடைக்காரர் போனில், "படம் 4:3 தானே சார்? அப்ப திரை அகலத்தை வச்சு தூரம் கணக்குப் போடாதீங்க, ரெண்டு பக்கமும் கறுப்பு வரும்" என்றார். அது சரியான பேச்சு. 12 அடி உயரத்துக்கு 4:3 படம் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) 16 அடி அகலம். ஆனால் 16:9 மெஷின் வீசும் மொத்த அகலம் 21 அடிக்கு மேல். த்ரோ 1.5 லென்ஸ் (தூரம், வீசும் அகலத்தைப் போல 1.5 மடங்கு) என்றால் 24 அடியில் வைக்க முடியாது, 32 அடி பின்னால் போகணும். இது தெரிந்த ஆள் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அப்புறம் வீடியோ காலில் மெஷினைப் போட்டுக் காட்டினார், படம் பளிச்சென்று இருந்தது. ட்ரஸ் வெளியூரிலிருந்து வருகிறது என்று முழுப் பணமும் முன்பணமாக, ரூ.62,500.

அந்த வீடியோ காலில் படம் விழுந்தது மூடிய அறையில், 4 அடிக்கு 3 அடி சுவரில். நம்ம திரையின் பரப்பு அதைப் போல 16 மடங்கு. அதே மெஷின் என்றால் வெளிச்சம் 16-ல் ஒரு பங்கு.

வந்து இறங்கியது ஒரு சின்ன பிளாஸ்டிக் மெஷின். பெட்டியில் "8,500 லூமென்ஸ், 4கே சப்போர்ட்". அந்த 8,500-க்கு எந்த அளவீட்டு முறையும் போடவில்லை. 4கே சப்போர்ட் என்றால் 4கே கோப்பை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே இருந்தது 1280×720. திரையில் ஒன்பது இடத்தில் லக்ஸ் மீட்டர் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்ஸை அளப்பது) வைத்து சராசரி எடுத்தால் 60 கூட வரவில்லை. தியேட்டர் அளவு வெளிச்சத்துக்கு வெள்ளை மேட் திரையில் சுமார் 150 லக்ஸ் விழணும். ஒப்புக்கொண்ட 5,000-ல் கால் பங்கு பக்கக் கறுப்பில் வீணானாலும் 210 வந்திருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உயிரே நடுவில் இருக்கும் சாம்பல் படிகள்தான். ராத்திரிக் காட்சி என்று நீலச் சாயம் ஏற்றிய இடங்கள் முழுசாக வெளுத்துப் போச்சு. வசன அட்டைகளைப் படிக்கவே முடியவில்லை.

வேகத்திலும் ஏமாற்று. பிரேம் பிரேமாக இருந்த படச்சுருள் ஸ்கேனை வினாடிக்கு 18 பிரேம் வேகத்தில் வீடியோவாக்கித் தருவதும் அந்த ரூ.62,500-ல் சேர்த்தி. செய்ய வேண்டியது, மூன்று பிரேமுக்கு ஒன்றை இரட்டித்து 24 ஆக்குவது. அப்படியே 24-ல் கொட்டித் தந்திருக்கிறார்கள். 80 நிமிஷப் படம் 60 நிமிஷத்தில் ஓடியது. மனுஷங்க துள்ளித் துள்ளி நடந்தார்கள், ஒத்திகை பார்த்து வந்த வாத்தியக்காரர்களின் இடம் எல்லாம் தவறியது. அவங்க உழைப்பை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

ட்ரஸுக்கு மணல் மூட்டை கொண்டுவரவில்லை. 192 சதுர அடித் திரை பாய்மரம் மாதிரி. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றே 80 கிலோ பாரத்துக்குத் தள்ளும். வந்த பையன்கள் கயிற்றை பர்மா தேக்குத் தூணில் கட்டப் போனார்கள். வீட்டுக்கார ஆச்சி தடுக்காவிட்டால் தூண் வழவழப்பும் சுண்ணாம்புப் பூச்சும் காலி. அந்தப் பூச்சை இன்றைக்குச் சரிசெய்ய ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு.

அதன் பிறகு பந்து விளையாட்டு. கடைக்காரர், "தளத்துல கேளுங்க, பணம் அவங்ககிட்டதான்". தளத்தில், "பொருள் டெலிவரி ஆனதால் ஆர்டர் முடிந்தது". லக்ஸ் அளவு, பெட்டிப் படம், ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் எல்லாம் அனுப்பினால், "வெளிச்சம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது மேடம்" என்று பதில். மீட்டரில் வந்த எண் எப்படிப் பார்ப்பவரைப் பொறுத்தது? திரும்பக் கூப்பிட்டால் புது ஆள், முதலிலிருந்து கதை. கடைசியில் அடுத்த புக்கிங்கில் ரூ.2,000 கழிவு கூப்பன். ரூ.62,500-க்குக் கூப்பன்!

எடுக்கப் போகிறவர்களுக்கு: மாடல் எண்ணை எழுத்தில் வாங்கி, தயாரிப்பாளர் தளத்தில் ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ லூமென்ஸைப் பாருங்கள். இந்த இரண்டு சொல்லில் ஒன்றும் இல்லாத எண்ணை நம்பாதீர்கள். முழுப் பணம் முன்னால் தராதீர்கள், பாதியை நிறுத்தி முதல் நாள் ராத்திரியே அதே திரையில் போட்டுப் பாருங்கள். கோப்பின் மொத்த நிமிஷத்தைச் சரிபாருங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தரணும். இல்லாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

எங்கள் புகார் அங்கே போயிருக்கிறது. அந்த மெஷின் இன்றைக்கும் அதே தளத்தில் "5,000 ஆன்சி" என்று வாடகைக்கு நிற்கிறது.