கார்டன் டிராக்டரில் பழைய பனி தள்ளும் பிளேடு: இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு என் மதிப்பீடு

வேறொரு நிறுவனத்தின் கார்டன் டிராக்டருக்காக (புல்வெட்டவும் தோட்ட வேலைக்கும் பயன்படும் சிறிய டிராக்டர்) பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட, 48 அங்குல அகலமுள்ள இரும்பு பிளேடு ஒன்றைப் பழைய பொருளாக வாங்கி, என்னிடமிருக்கும் 18 குதிரைத்திறன் டிராக்டரில் பொருத்தினேன். இரண்டு குளிர்காலங்கள் முழுவதும் அதைக் கொண்டே வாசலிலிருந்து சாலை வரையிலான பாதையைச் சுத்தம் செய்திருக்கிறேன். பிளேடு மிக நல்ல பொருள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை டிராக்டரோடு இணைக்கும் அடிச்சட்டத்துக்கு ஆன உழைப்பு, பிளேடைச் சீரமைக்க ஆன உழைப்பைப் போல நான்கு மடங்கு இருக்கும். எனவே இதுபோன்ற ஒன்றை வாங்க நினைப்பவர்கள் முன்பக்கத் தகட்டைப் பார்த்து மயங்காமல், முதலில் குனிந்து அதன் பின்னால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும் என்பதே என் முதன்மையான கருத்து.

பிளேடின் வளைவான முகத்தகடு தடித்த இரும்பு. அதன் முதுகில் செங்குத்தாக விலா எலும்புகள் போல் பட்டைகள் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். மேலே துருப் படிந்திருந்ததே தவிர, துரு எங்கும் உள்ளே அரித்திருக்கவில்லை. கம்பி பிரஷால் தேய்த்து, பிரைமரும் வண்ணமும் அடித்ததோடு அந்த வேலை முடிந்தது. வண்ணம் அழகுக்காக மட்டும் அல்ல. முகம் வழவழப்பாக இருந்தால்தான் ஈரப்பனி ஒட்டிக்கொள்ளாமல் சுருண்டு பக்கவாட்டில் விழும். அடிவிளிம்பில் தரையைச் சுரண்டும் பட்டை தனியாகப் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. தேய்வது அந்தப் பட்டைதான், முகத்தகடு அல்ல. ஒரு விளிம்பு தேய்ந்தால் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். எனக்கு வந்தபோது ஒரு விளிம்பு ஏறத்தாழ முழுவதும் தேய்ந்திருந்ததால் அதைத் திருப்பிப் போட்டேன்.

இந்தப் பழைய பிளேடில் நான் மிகவும் மதிக்கும் அம்சம், பின்னால் இருக்கும் இரண்டு கனமான சுருள்வில்கள். பனிக்கு அடியில் மறைந்திருக்கும் கல்லிலோ, தரை ஓடு ஒன்றின் எழும்பிய விளிம்பிலோ பிளேடு முட்டும்போது அதன் அடிப்பகுதி பின்னோக்கி மடங்கி, தடையைத் தாண்டியதும் வில்லின் இழுப்பால் மீண்டும் நிமிர்ந்துவிடும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் முட்டிய அதிர்ச்சி முழுவதும் டிராக்டரின் சட்டத்துக்கும் ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கும் போய்ச் சேரும். ஆனால் இதன் கீலின் அச்சாணி துருவேறி இறுகிப்போயிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் ஊறவிட்டு, சுற்றிலும் சூடேற்றிய பிறகே அது அசைந்தது. அந்த வேலையைத் தொடங்குமுன் வில்களின் இழுப்பை அவற்றின் கண்போல்ட்டுகளில் முழுவதும் தளர்த்திவிட வேண்டும். இழுவிசையோடு இருக்கும் வில் தெறித்தால் கையை உடைக்கும். திரும்ப மாட்டும்போது இரண்டு வில்களுக்கும் ஒரே அளவு இழுப்பு கொடுக்காவிட்டால் பிளேடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு மடங்கும்.

இனி அடிச்சட்டத்துக்கு வருகிறேன். விற்றவர் இது எந்தச் சிறிய டிராக்டருக்கும் பொருந்தும் என்று சொன்னார். அது சரியில்லை. இப்படிப்பட்ட பிளேடுகளுக்கான முறையான சட்டம், டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் முன்னாலிருந்து பின் அச்சு வரை நீண்டு, தள்ளும் விசையைப் பின்சக்கரங்களுக்கு அருகிலேயே ஒப்படைக்கும் விதத்தில் அமைந்திருக்கும். டிராக்டரை முன்னே செலுத்துபவை பின்சக்கரங்கள், எதிர்த்து நிற்பது பிளேடுக்கு முன்னால் குவியும் பனி. இந்த இரண்டுக்கும் நடுவில் விசை செல்லும் வழி எவ்வளவு நேராகவும் உறுதியாகவும் இருக்கிறதோ, அவ்வளவு காலம் டிராக்டர் பழுதில்லாமல் உழைக்கும். சிறிய டிராக்டர்களின் முன்பக்கச் சட்டம் எஞ்சினைத் தாங்கவும், புல்வெட்டும் டெக்கை (கத்திகள் உள்ள அடிப்பெட்டியை) தொங்கவிடவும் வடிவமைக்கப்பட்டது. பலவற்றில் அது மடித்த தகடுதான். முன் அச்சோ நடுவில் ஒற்றை அச்சாணியில் ஆடிக்கொண்டிருப்பது. பம்பர் இருக்கும் இடத்தில் நான்கு துளை போட்டு பிளேடை மாட்டிக்கொள்வது எளிது, சில நாள் வேலையும் செய்யும். பிறகு சட்டம் முறுக்கிக்கொள்ளும், துளைகள் நீள்வட்டமாகும், எஞ்சின் தாங்கிகளில் விரிசல் விழும்.

என்னிடம் வந்த சட்டம் என் டிராக்டருக்கு 14 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது. பின்முனைக் கொக்கிகளின் இடைவெளியும் ஒத்துவரவில்லை. இரண்டு அங்குலச் சதுரக் குழாயை அதன் இருபுறத் தண்டுகளிலும் சேர்த்து, ஒரு வெல்டிங் பட்டறையில் நீட்டித்தேன். பின்முனையில் கால் அங்குலத் தகடுகளை வெட்டி, பின் அச்சுக்குச் சற்று முன்னால், சாஸியின் இரு பக்கங்களிலும் போல்ட் போட்டு இறுக்கினேன். அச்சோடு சேர்ந்திருக்கும் கியர் பெட்டியில் நேரடியாக எதையும் மாட்டவில்லை. அதன் உறை அலுமினிய வார்ப்பாக இருக்கும் டிராக்டர்கள் உண்டு, இடிப்பு விசையை அந்த வார்ப்பு தாங்காது. முன்னால் இருக்கும் இரண்டு தொங்கிகள் சட்டத்தின் எடையை மட்டும் ஏந்திக்கொள்கின்றன, தள்ளும் விசை அவற்றுக்குப் போவதில்லை.

தண்டுகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். முதல் முயற்சியில் பின்முனையை வசதி கருதி உயரத்தில் மாட்டியதால், தண்டுகள் முன்னோக்கிச் சரிந்து நின்றன. அப்போது தள்ளும் விசையின் ஒரு பங்கு பிளேடைத் தரைக்குள் அழுத்தியது, அதே அளவுக்கு டிராக்டரின் பின்பகுதியை மேலே தூக்கியது. பிடிப்பு தேவைப்படும் சக்கரங்களே எடை குறைந்து சுழன்றன. பின்முனையைக் கீழே இறக்கி, பிளேடு தரையில் இருக்கும்போது தண்டுகள் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக நிற்கும்படி செய்த பிறகு அந்தக் குறை நீங்கியது.

போல்ட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தோடு வந்தவற்றின் தலையில் எந்தக் கோடும் இல்லை. அவை சாதாரணத் தரம். தலையில் மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு 5, அதன் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 1,20,000 பவுண்டு. ஆறு கோடுகள் இருந்தால் கிரேடு 8, அதற்கு 1,50,000 பவுண்டு. நான் அரை அங்குலக் கிரேடு 5 போல்ட்டுகளைப் போட்டேன், இரண்டு குளிர்காலங்களில் ஒன்றுகூட வளையவில்லை. மரை வெட்டிய பகுதி இரண்டு தகடுகள் சந்திக்கும் இடத்தில் வராமல், மரையில்லாத தண்டுப்பகுதியே அங்கே நிற்கும் நீளத்தில் போல்ட்டைத் தேர்ந்தெடுப்பது, உயர்ந்த தரத்தைத் தேடுவதற்குச் சமமான பலனைத் தரும்.

புல்வெட்டும் டெக்கைக் கழற்றாமல் இந்தச் சட்டத்தை மாட்ட இடமில்லை. ஆகவே பருவத்துக்கு இருமுறை இந்த மாற்று வேலைக்கு அரைநாள் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

பிளேடைத் தூக்க இருக்கையின் பக்கத்தில் ஒரு நீளமான கைப்பிடி இருக்கிறது. அதிலிருந்து பிளேடுக்குப் போகும் இணைப்புக் கம்பியில் துளைக்குப் பதிலாக நீளவாக்கில் ஒரு பிளவு இருக்க வேண்டும். அந்தப் பிளவு இருந்தால்தான் பிளேடு தன் எடையில் தரையின் மேடு பள்ளத்தைத் தொடர்ந்து தானாக ஏறி இறங்கும். நான் புதிதாகச் செய்த கம்பியில் முதலில் வெறும் துளை போட்டிருந்தேன். முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியபோதெல்லாம் பிளேடு தரையைக் கொத்தியது. பிளவாக மாற்றியதும் சரியாகிவிட்டது.

பிளேடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பின்சக்கரத்தில் எடையும் பிடிப்பும் இல்லாவிட்டால் பயனில்லை. புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். ஈரம் கோத்ததும் இறுகியதும் அதைப் போலப் பல மடங்கு கனக்கும். 15 சென்டிமீட்டர் பனியில், 1.2 மீட்டர் அகலப் பிளேடு 10 மீட்டர் தூரம் போனால் 1.8 கன மீட்டர் பனியைச் சந்திக்கிறது. கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் அது 180 கிலோ. புல்தரைக்கான வழவழப்பான டயர்களோடு, கூடுதல் எடை எதுவும் இல்லாமல் முதல் நாள் இறங்கியபோது, பாதையின் பாதியிலேயே சக்கரங்கள் நின்ற இடத்தில் சுழன்றன. சக்கரத்துக்கு 50 பவுண்டு வீதம் இரும்பு எடைகளும், டயர்களுக்குச் சங்கிலியும் போட்ட பிறகு அதே டிராக்டர் வேறு வண்டியாக நடந்துகொண்டது. சங்கிலி வாங்கும்போது குறுக்குக் கண்ணிகள் நெருக்கமாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அதிர்வு குறையும், பிடிப்பும் தொடர்ச்சியாக இருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே போதிய இடம் இருக்கிறதா என்பதை முன்பே அளந்துகொள்ள வேண்டும். டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியும் எடை கூட்டலாம், உறையாது என்பது அதன் நன்மை. ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும் என்பதால் நான் அதைத் தவிர்த்தேன்.

பனியில் இதன் செயல்பாட்டைச் சொல்கிறேன். 10 சென்டிமீட்டர் வரை உலர்ந்த பனி என்றால் நடக்கும் வேகத்தில் தயக்கமில்லாமல் தள்ளிப் போகிறது, பாதை கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிகிறது. 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் பிளேடின் முழு அகலத்தையும் பயன்படுத்தாமல் பாதி அகலத்தில் இருமுறை போவதே சரி. பிளேடை 30 பாகை திருப்பி வைக்கும்போது 48 அங்குலம் என்பது சுத்தமாகும் அகலத்தில் ஏறத்தாழ 42 அங்குலமாகக் குறைகிறது. என் பின்டயர்களின் வெளி அகலம் 40 அங்குலம் என்பதால், தள்ளாத பனியின் மேல் டயர் ஏறாமல் தப்பிக்கிறது. அகலமான டயர் உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். திருப்பி வைத்த நிலையில் டிராக்டரின் மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும் போக்கும் இருக்கிறது. ஸ்டீயரிங்கை எந்நேரமும் சற்றுத் திருத்திப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

பாதையின் வாயிலில், சாலையில் பனி அகற்றும் வண்டிகள் ஒதுக்கிவிட்டுப் போகும் இறுகிய கரையைத்தான் இந்த அமைப்பு எளிதில் வெல்வதில்லை. ஓடிவந்து இடிக்கலாம் என்று தோன்றும், அதைச் செய்யவே கூடாது. கரையின் ஒரு முனையிலிருந்து பிளேடின் கால்பங்கு அகலத்தை மட்டும் கொடுத்துச் சீவிச் சீவி எடுக்கிறேன். அதற்கு மண்வெட்டியால் செய்யும் நேரத்தில் பாதிதான் ஆகிறது.

ஸ்னோ புளோயரோடு ஒப்பிட்டால், இதில் அறுந்துபோக பெல்ட்டும் இல்லை, ஈரப்பனியில் அடைத்துக்கொள்ளும் குழாயும் இல்லை. ஆனால் புளோயர் பனியைத் தூரமாக வீசிவிடும், பிளேடோ ஓரத்தில் குவிக்கத்தான் செய்யும். அதனால் பருவத்தின் முதல் பனியையே பாதையின் விளிம்பைத் தாண்டி நன்றாக உள்ளே தள்ளி வைக்க வேண்டும். முதல் ஆண்டு இதை அறியாமல் விளிம்போடு நிறுத்தியதால், பருவத்தின் பிற்பகுதியில் கரைகள் உறைந்து பாதை ஓரடி குறுகிவிட்டது. சரளைக்கல் பாதை உள்ளவர்களுக்கு பிளேடின் இரு முனைகளிலும் சறுக்குக் காலணிகள் (பிளேடின் விளிம்பு கல்லைச் சுரண்டாமல் அதைச் சற்று உயர்த்தித் தாங்கும் தகடுகள்) கட்டாயம் வேண்டும். என் பிளேடில் ஒன்றுதான் இருந்தது, மற்றதைத் தட்டையான தகட்டில் வளைத்துச் செய்துகொண்டேன்.

குறை என்று சொன்னால் கைப்பிடிதான். ஒவ்வொரு முறை பின்னால் போகும்போதும் பிளேடைத் தூக்க வேண்டும், ஒரு காலைப் பொழுதில் அது நூறு முறையைத் தாண்டிவிடும், தோள் வலிக்கிறது. கைப்பிடியின் அடியில் ஒரு துணைவில்லைச் சேர்த்த பிறகு சுமை குறைந்தது, தீர்ந்தது என்று சொல்ல முடியாது. முதுகிலோ தோளிலோ தொல்லை உள்ளவர்கள் மின்சாரத் தூக்கியோ ஹைட்ராலிக்கோ உள்ள டிராக்டரைப் பார்ப்பது நல்லது. பிளேடின் கோணத்தை மாற்றும் அச்சாணி செல்லும் துளையும் இரண்டு ஆண்டுகளில் சற்று அகன்றிருக்கிறது, அதில் ஒரு புஷ் (துளைக்குள் செருகும் உலோக உருளை) போட வேண்டும்.

திருப்பி மாட்டிய சுரண்டும் பட்டை இதுவரை 3 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு குளிர்காலங்களாவது தாங்கும். அதற்குப் பிறகு பழைய பட்டையை அச்சாக வைத்துத் துளையிட்டுக்கொள்ள, அதே அகலத்தில் ஒரு பட்டை இரும்பை வாங்கி எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன்.